திருவல்லிக்கேணி சஹர் சாப்பாடு: ஒரு மேன்ஷன்வாசி போட்ட மார்க்

சஹர், அதாவது நோன்பு தொடங்கும் முன் விடிகாலையில் சாப்பிடும் சாப்பாட்டுக்கு, கை கழுவிய சூட்டோடு மார்க் போடக் கூடாது. அன்று சாயங்காலம் நாலு மணிக்குத்தான் போட வேண்டும். நாக்கு வறண்டு கிடக்கிறதா, புளித்த ஏப்பம் வருகிறதா, தலை கனக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சமையல்காரரைப் பற்றிப் பேசலாம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நோன்பு மாதத்தில் விடிகாலை வரை விளக்கெரியும் கடைகளில் முக்கால்வாசி ஃபெயில். மூன்றரை மணிக்குப் பரோட்டாவும் காரமான ஃப்ரையும் தின்றுவிட்டுப் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கிளம்பும் இளைஞர்களைப் பார்க்கும்போது அவர்கள் இளமையின் மேல் பொறாமையாக இருக்கிறது.

நான் எழுத வந்தது ஐஸ் ஹவுஸ் பக்கம் போகும் சந்துகளில் ஒன்றில் இருக்கும் ஒரு மெஸ்ஸைப் பற்றி. பெயரைப் போடவில்லை. "கூட்டம் தாங்காது தம்பி, இருக்கிற எடம் அவ்வளவுதான்" என்று மெஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மேன்ஷன்களில் இருப்பவர்களுக்கு இந்த அடையாளமே போதும். மற்றவர்கள் பக்கத்துப் பள்ளிவாசலில் கேட்டால் வழி சொல்வார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். சொந்த ஊர் கடையநல்லூர். ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். தங்கியிருக்கும் மேன்ஷனில் அடுப்புக்கு அனுமதி இல்லை, எலக்ட்ரிக் கெட்டிலைக் கண்டாலே மேனேஜர் முறைப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு உம்மாவோ மனைவியோ எழுப்பிச் சோறு போடுவார்கள். மேன்ஷன்காரனுக்கு ரமலான் என்றால் முதல் கவலை சஹர்தான். சாயங்காலம் நோன்பு திறக்கும் இஃப்தார் எங்கேயும் கிடைத்துவிடும், எந்தப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தாலும் ஒரு கோப்பைக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் நிச்சயம். சஹருக்கு அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மெஸ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓட்டுக்கூரை போட்ட பழைய வீட்டின் முன்பக்கம், சுவரை ஒட்டி இரண்டு நீள மேசை, பின்கட்டில் சமையல். மெஸ்காரர் இளையான்குடிக்காரர், பல வருஷம் சவூதியில் ஒரு கம்பெனி கேம்ப்பில் சமையல் செய்தவர். சஹர் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருக்கிறது: உப்பு குறைவு, காரம் குறைவு, புளி அதைவிடக் குறைவு. ஆகவே முதல் கவளம் வாயில் போட்டதும் சப்பென்று இருக்கும். சலித்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைச் சோறு, தாளிச்சா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கறியாணம் என்னும் கறிக் குழம்பு, மற்ற நாளில் அவித்த முட்டை, மிளகு கம்மியாகப் போட்ட ரசம், கடைசியில் கெட்டித் தயிர், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்.

தாளிச்சாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் தாளிச்சா என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் புளியும் எலும்பும் மிதக்கும் தண்ணீர். இவர் கடலைப் பருப்பைக் குழைய வேகவைத்து, பாதியை மசித்து, பாதியை முழுசாக விடுகிறார். சுரைக்காய்த் துண்டு கையால் நசுக்கினால் நசுங்கும், ஆனால் கரையாது. புளிக்குப் பதில் மாங்காய்த் துண்டு இரண்டு. அதனால்தான் நாலு மணிக்கு நெஞ்செரிச்சல் இல்லை. கடையநல்லூரில் எங்கள் மாமி ஒருவர் இப்படித்தான் வைப்பார். அதற்கு மேல் நான் யாரையும் பாராட்டிப் பழக்கமில்லை.

இனி விலை. இதே சாப்பாடு மற்ற மாதங்களில் மதியம் 110 ரூபாய். சஹருக்கு 50. மிச்சத்தை யாரோ ஒருவர் மாதம் முழுக்கக் கொடுக்கிறார். யார் என்று மெஸ்காரர் சொல்வதில்லை. இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. பாதி விலைக்குச் சாப்பாடு என்றால் நோன்பு வைக்கிறவர்கள் மட்டுமா வருவார்கள்? இரவெல்லாம் வண்டி ஓட்டும் டெலிவரி பையன்கள் வருவார்கள். கோஷா பெண்கள் ஆஸ்பத்திரியில் மகளையோ மனைவியையோ சேர்த்துவிட்டு வாசலில் படுத்திருப்பவர்கள் வருவார்கள். மீன் ஏற்றப் போகும் ஆட்டோக்காரர் வருவார். மெஸ்காரர் யாரிடமும் "நோன்பா?" என்று கேட்பதில்லை. உட்கார்ந்தால் தட்டு, தட்டு வந்தால் சோறு.

இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. ஒரு நாள் விடிகாலை, எனக்கு எதிரே ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். முடியில் மஞ்சள் சாயம், ஒரு காதில் கடுக்கன், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறக்கை விரித்த கழுகு பச்சை குத்தியிருந்தது. டெலிவரிப் பையைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் ஜுப்பாவும் தொப்பியுமாக ஒரு பெரியவர், மெஸ்ஸின் பழைய வாடிக்கையாளர். பையனின் கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெஸ்காரரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாய், இந்த மாதிரி ஆளுங்ககிட்டயும் அம்பதுதான் வாங்குறீங்களா? நோன்பாளிக்குன்னு ஒருத்தர் கொடுக்கிற காசு இது. ஜமாத்ல சொல்லி டோக்கன் போடுங்க."

பையன் தலையைத் தூக்கவில்லை. மெஸ்காரர் ரச வாளியோடு வந்தார். "மணி 4.50 ஆச்சு பாய். பேசிட்டே இருந்தா பாங்கு சொல்லிடுவாங்க. ரசம் ஊத்தவா?" என்றார். பெரியவருக்கு ஊற்றினார், பையனுக்கும் ஊற்றினார். "சோறு போதுமாப்பா?" என்று அவனிடம் மட்டும் ஒரு தடவை கூடுதலாகக் கேட்டார். பையன் சாப்பிட்டான், சுவரில் ஒட்டியிருந்த ஸ்கேனரில் ஜிபே பண்ணினான், வண்டியைக் கிளப்பிப் போனான்.

இந்த மாதிரிக் கதைகள் வாட்ஸ்அப்பில் நிறைய வரும். கடைசியில் அந்தப் பையன் குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழாக இருப்பான், இல்லையென்றால் சம்பளம் முழுவதையும் அனாதை இல்லத்துக்குக் கொடுப்பவனாக இருப்பான், பெரியவர் கண் கலங்குவார். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் அன்றைக்கு நோன்பு வைத்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் முஸ்லிமா என்றுகூடத் தெரியாது. அந்தக் கதைகளில் எனக்குப் பிடிக்காத விஷயமும் இதுதான். அவை தவறாகப் போட்ட மார்க்கைத் திருத்துகின்றன, மார்க் போடுவதை விடுவதில்லை. பையன் ஹாஃபிழ் இல்லாமல் வெறும் பையனாக இருந்திருந்தால் பெரியவர் கேட்டது சரியாகிவிடுமா?

தொழுகையைப் பார்த்துவிடலாம், ஹஜ்ஜுக்குப் போவது ஊருக்கே தெரியும், ஸகாத் என்னும் கட்டாய தர்மத்தை வாங்குகிறவருக்காவது தெரியும். நோன்பு ஒன்றுதான் வெளியே எந்த அடையாளமும் இல்லாத வணக்கம். நோன்பு வைக்காதவனும் உதடு காய்ந்து திரியலாம், வைத்தவனும் சிரித்துக்கொண்டு பிரியாணி பார்சல் டெலிவரி செய்யலாம். "நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுக்கிறேன்" என்று அல்லாஹ் சொல்வதாக வரும் ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் என்ற தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை, காது கடுக்கனையும் முடிச் சாயத்தையும் வைத்துச் சரிபார்க்க டோக்கன் கேட்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. டோக்கன் கொடுக்க யார் உட்காருவார்கள், எதைப் பார்த்துக் கொடுப்பார்கள்? தாடியின் நீளத்தையா?

ஆனாலும் பெரியவரை அவருடைய ஜுப்பாவைப் பார்த்து "இவங்க எல்லாரும் இப்படித்தான்" என்று தள்ளிவிட்டால் அதுவும் அதே வேலைதான். அவர் கவலையில் ஒரு நியாயம் இருந்தது. அடுத்தவர் நம்பிக் கொடுத்த காசு அமானிதம். அது ஸகாத் பணமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட முடியாது. யார் யாருக்குச் சேர வேண்டும் என்று குர்ஆன் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் எட்டு வகையாரைச் சொல்கிறது. மெஸ்காரர் இதை முதலிலேயே யோசித்திருக்கிறார். காசு கொடுப்பவரிடம் "இது ஸகாத்தா, ஸதகாவா?" என்று கேட்டு, ஸதகா, அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மம், என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாங்கத் தொடங்கினாராம். ஸதகாவுக்கு அந்த எட்டு வகைக் கட்டுப்பாடு கிடையாது. பணக்காரன் வாயில் போனாலும், வேறு மதத்துக்காரர் வாயில் போனாலும் தர்மம் தர்மம்தான். அது போதாதென்று பக்கத்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் (இமாமிடமும்) கேட்டிருக்கிறார். அவர் ஒரு ஹதீஸைச் சொல்லி அனுப்பினாராம். முந்தைய காலத்தில் ஒருவர் இரவில் தர்மம் செய்யக் கிளம்பி, தெரியாமல் ஒரு திருடன் கையில் கொடுத்துவிட்டார். விடிந்ததும் ஊர் சிரித்தது. அடுத்த இரவு நடத்தை கெட்டவள் என்று ஊர் சொல்லும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் இரவு ஒரு பணக்காரனிடம். மூன்று தடவையும் அவர் "அல்லாஹ்வே, உனக்கே புகழ்" என்றார். பிறகு அவருக்குச் சொல்லப்பட்டது: திருடன் திருட்டை விட்டுவிடலாம், அந்தப் பெண் அந்த வாழ்க்கையை விட்டுவிடலாம், பணக்காரனுக்குக் கொடுக்கும் புத்தி வரலாம்.

இதைவிட எனக்கு நேரடியாகப் பொருந்துவதாகத் தெரிவது நபித்தோழர் உஸாமா பின் ஸைத் சம்பவம். ஒரு படையெடுப்பில் எதிரி ஒருவன் வாள் தலைக்கு மேல் வந்த நேரத்தில் "லா இலாஹ இல்லல்லாஹ்" (அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை) என்று இஸ்லாத்தை ஏற்கும் சொல்லைச் சொன்னான். உஸாமா அவனைக் கொன்றுவிட்டார். திரும்பி வந்து நபியிடம் சொன்னபோது, "ஆயுதத்துக்குப் பயந்துதான் சொன்னான்" என்று காரணமும் சொன்னார். "அதற்காகத்தான் சொன்னான் என்று தெரிந்துகொள்ள அவன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தாயா?" என்று நபி கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்றைக்குத்தான் நான் இஸ்லாத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று தோன்றும் அளவுக்குக் கேட்டார்கள் என்று உஸாமாவே சொல்கிறார். வாளுக்குப் பயந்து சொன்னான் என்று எண்ணுவதற்காவது ஒரு போர்க்களச் சூழ்நிலை இருந்தது. அங்கேயே உள்ளத்தைத் தோண்ட அனுமதி இல்லை என்றால், மெஸ் மேசையில் 60 ரூபாய் தள்ளுபடிக்காக ஒருவன் நடிக்கிறானா என்று பார்க்க நமக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

மெஸ் பகலிலும் நடக்கிறது. ரமலானில் வாசலில் ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டு, உள்ளே மதியச் சாப்பாடு வழக்கம் போல. இதற்கும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். துணிக்குப் பின்னால் சாப்பிடுவது ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களும் பக்கத்துக் கடைப் பையன்களும் மட்டும் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தொப்பி போட்டவர் ஒருவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் தெரு முழுக்கக் கண். அவருக்கு டயாலிஸிஸ் இருக்கலாம். இன்சுலின் போடுகிறவராக இருக்கலாம். ராத்திரி பஸ் பிடித்து இன்று காலைதான் சென்னையில் இறங்கியவராக இருக்கலாம். நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே சலுகை கொடுத்திருக்கிறது, விட்ட நோன்பை வேறு நாட்களில் எண்ணி வைத்துக்கொள்ளலாம், வைக்கவே முடியாத முதியவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழை என்று உணவு கொடுத்தால் போதும். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து புர்கா போட்ட பெண்கள் மதியம் வந்து பார்சல் வாங்குவார்கள். பிள்ளை பெற்றவளோ, பால் கொடுப்பவளோ, மாதவிலக்கில் இருப்பவளோ, காரணம் எதுவானாலும் அது அவளுக்கும் படைத்தவனுக்கும் நடுவில் உள்ள விஷயம். மெஸ்காரர் அவர்களுக்குக் கறியாணத்தைத் தனி டப்பாவில் மூடிக் கொடுக்கிறார், வரிசையில் நிற்க வைப்பதில்லை. சேவைக்கு நான் கொடுக்கும் மார்க்கில் பாதி இதற்கே போய்விடும்.

மேன்ஷனுக்குப் புதிதாக வரும் பையன்களை நான் இந்த மெஸ்ஸுக்கு அடுத்தபடியாகக் கூட்டிக்கொண்டு போகும் இடம் பெரிய பள்ளிவாசல், அதாவது வாலாஜா பள்ளிவாசல். 1795இல் ஆர்க்காட்டு நவாப் குடும்பத்தார் கருங்கல்லில் கட்டியது. காயிதே மில்லத் அங்கேதான் அடங்கியிருக்கிறார். சாயங்காலம் 6.20 சுமாருக்கு நோன்பு திறக்கும் முன்பே வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். தலையில் தொப்பியோடு ஓடி ஓடித் தட்டு வைப்பவர்கள், தண்ணீர் ஊற்றுபவர்கள், பழம் வைப்பவர்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுப் புதுப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "இவங்கள்லாம் எந்த ஜமாத் அண்ணே?" எந்த ஜமாத்தும் இல்லை. அவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள், சிந்தி இந்துக்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்தது. ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள அவர்கள் இடத்தில் காலையிலிருந்தே சைவச் சமையல் நடந்து, சாயங்காலம் வண்டியில் பள்ளிவாசலுக்கு வருகிறது. பல பத்தாண்டுகளாக ரமலான் முழுக்க இப்படித்தான். பரிமாறும்போது மரியாதைக்காகத் தொப்பி போட்டுக்கொள்கிறார்கள்.

பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. கூடவே இன்னொன்றையும் சொல்லி வைத்தேன். இந்தப் பள்ளிவாசல் எந்த வருஷம் கட்டப்பட்டது என்று குறிக்கும் பாரசீக வரிகளை எழுதியவர் நவாபிடம் முன்ஷியாக (எழுத்தராக) இருந்த ராஜா மக்கன் லால், அவரும் இந்துதான். 'ஸிக்ருல்லாஹி அக்பர்' என்ற சொற்களின் அரபி எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் 1209 வரும், அது ஹிஜ்ரி ஆண்டு. பையன் உடனே போனை எடுத்துக் கூட்டிப் பார்த்தான், சரியாக வந்தது. இன்ஜினியரிங் படித்தவன், கணக்கு வந்தால்தான் நம்புவான். அந்த இஃப்தார் சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுத நான் தகுதியானவன் அல்ல, நோன்பு திறந்த அந்த ஐந்து நிமிஷத்தில் பச்சைத் தண்ணீருக்கும் நூற்றுக்கு நூறு போட்டுவிடுவேன்.

சரி, மெஸ்ஸுக்குத் திரும்புவோம். குறைகளும் இருக்கின்றன. மின்விசிறி இரண்டில் ஒன்று சத்தம் மட்டும் போடுகிறது. கை கழுவும் இடத்தில் ஒரே குழாய், பாங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அங்கே தள்ளுமுள்ளு. கறியாணம் போடும் நாளில் 4.30க்கு மேல் போனால் கறி தீர்ந்து வெறும் ஆணம்தான் மிஞ்சும், அதற்கும் அதே 50 ரூபாய். டீ பால் பவுடர் டீ. நாள் முழுக்க மறுபடி ஒரு டீ கிடைக்கப் போவதில்லை என்ற நிலையில் குடிக்கும் கடைசி டீயைக் கொஞ்சம் கவனித்துப் போடலாம். இதை நேரிலேயே சொல்லியிருக்கிறேன். "சவூதியில பன்னிரண்டு பேருக்கு ஒரு டின் பால் பவுடர்தான் தம்பி, அதுல பழகிட்டேன்" என்கிறார்.

டோக்கன் யோசனையைச் சொன்ன பெரியவர் மெஸ்ஸை விட்டுப் போகவில்லை. தினமும் வருகிறார், மூலை இடத்தில் உட்காருகிறார். யார் வந்து உட்கார்ந்தாலும் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கிறார். மனம் மாறிவிட்டாரா, பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா என்று கேட்டுவிட எனக்கு உரிமை இல்லை. டெலிவரி பையனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, ஆனால் அவன் ஆட்கள் வேறு சிலர் வருகிறார்கள், ஆகவே இடம் பற்றி நல்ல விதமாகத்தான் சொல்லியிருப்பான்.

போக நினைப்பவர்களுக்கு: 3.45க்கும் 4.15க்கும் நடுவில் போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை விடிகாலையில் கூட்டம் அதிகம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேனர் சில நேரம் மக்கர் பண்ணும். கூடுதலாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் மேசைக்கடியில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னில் போடலாம், ஆனால் ஸகாத் பணத்தைப் போட வேண்டாம் என்று டின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். நோன்பு இல்லாதவர்களும் தாராளமாகப் போகலாம், 110 ரூபாய் கொடுக்க மனம் இருந்தால் கொடுக்கலாம், மெஸ்காரர் அதையும் கேட்க மாட்டார்.

தாளிச்சாவுக்குப் பத்துக்குப் பத்து. தயிருக்கு ஒன்பது. டீக்கு மூன்று. பார்சல் வாங்குகிறவர்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டு போங்கள். கொதிக்கும் ரசத்தை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள், மேன்ஷன் மூன்றாவது மாடி ஏறுவதற்குள் அது ஒழுகத் தொடங்கிவிடுகிறது. அதற்காக மட்டும் அரை மார்க் கழித்திருக்கிறேன்.